அவருக்கு மீன் வாசம் தெரியாமல் போனது

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் என் கணவர் பட்டாளத்தார் குடியிருந்த கண்டோன்மெண்டில் ஒரு துரை வீட்டுச் சமையல்காரர். பங்களாவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். வேலை போனால் அந்த அறையும் போய்விடும்.

விஷக் காய்ச்சலில் இருபது நாள் கிடந்து எழுந்தவருக்கு வாசனை சுத்தமாகத் தெரியாமல் போயிற்று. ருசியும் கூடவே போனது. உப்பும் உறைப்பும் மட்டும் நாக்கின் ஓரத்தில் தட்டுப்படுவதாகச் சொன்னார். வெளியே மூச்சு விடவில்லை. பாத்திரம் தேய்க்கிற சாக்கில் நான் சமையலறைக்குப் போய், ஒவ்வொன்றையும் மோந்தும் ருசித்தும் சொல்வேன். மூன்று மாதம் இப்படித்தான் ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எட்டுப் பேருக்கு விருந்து. துரைசாணி முன்பு ஏதோ தீவில் இருந்தவள். மசாலா தடவித் தணலில் வாட்டிய மீனும், மேலே போட வேகவைக்காத பழக்கலவையும் வேண்டும் என்றாள். பழத்தைப் பொடியாக நறுக்கி வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டுமாம். இனிப்பு, புளிப்பு, உறைப்பு மூன்றும் சரிசமமாக இருக்க வேண்டுமாம்.

மீன் மெட்ராசிலிருந்து ரயிலில் ஐஸ் பெட்டியில் வந்தது. பட்டாளத்து ரயில் வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு அன்று ரயில் ரொம்பத் தாமதம். தலையெடுத்துத் துண்டு போட்டிருந்ததால் கண்ணையோ செவுளையோ பார்த்துச் சொல்ல வழியில்லை. அவர் ஒரு துண்டை என் முகத்தருகே நீட்டினார். குமட்டியது.

"கெட்டுப்போச்சுங்க" என்றேன்.

அவர் துண்டைக் கீழே வைக்கவில்லை. "மசாலாவத் தூக்கலாப் போட்டுடறேன். மேல பழம் இருக்குது, எலுமிச்சம்பழம் இருக்குது. தெரியாது."

"தின்னுட்டு யாருக்காச்சும் ஒண்ணு ஆயிட்டா?"

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற, சொல்லு."

கல்யாணமான நாளாக அவர் என்னிடம் யோசனை கேட்டதில்லை.  மீனைக் குழி வெட்டிப் புதைக்கச் சொல்லிவிட்டு அல்சூர் ஏரிக்கு ஓடினேன்.

கரையில் மீன்காரர் ஒருவர் பானையில் உயிரோடு விரால் மீன் வைத்திருந்தார். வேறு வீட்டுக்குச் சொல்லியாயிற்று, தர முடியாது என்றார். நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அது வரைக்கும் வெளி ஆள் எதிரில் அழுதவள் இல்லை. மீன்காரர் பானையை என் பக்கம் தள்ளினார்.

சமையலறைக்குக் கொண்டுவந்து அறுத்து, சேற்றுவாடை போகக் கல்லுப்பும் புளியும் போட்டு மூன்று முறை தேய்த்தேன். என் கணவர் மிளகாய், மிளகு, பூண்டை வினிகர் விட்டு அரைத்துத் தடவி, தட்டில் அடுக்கி, தணல் கொட்டிய இரும்பு மூடியை மேலே வைத்தார். அவர் கை எதையும் மறந்திருக்கவில்லை. அன்னாசியும் மாம்பழமும் புதினாவும் சேர்த்துக் கலந்து ஒரு கரண்டி என்னிடம் நீட்டினார். வாயில் போட்டேன். ஓடிவந்த களைப்போ பயமோ, நாக்கு உலர்ந்து கிடந்தது. இனிப்பா புளிப்பா, எதுவுமே எனக்குத் தெரியவில்லை.

"என்ன?" என்றார்.

"தெரியலைங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கிண்ணத்தைக் குனிந்து பார்த்து, ஒரு குத்துமதிப்பில் இன்னும் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். தட்டுகள் உள்ளே போயின. சுவரில் சாய்ந்து நின்றபடி எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன்.

சாப்பாடு முடிந்ததும் துரைசாணியே சமையலறைக்கு வந்தாள். தீவில் சாப்பிட்டதைவிட நன்றாக இருந்ததாம். இனி வெள்ளிக்கிழமைதோறும் இதுதான் வேண்டும் என்று சொல்லிப் போனாள். எனக்கு உயிர் வந்தது. அவரோ அடுப்போரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை உனக்கு ஜொரம் வந்தா?" என்றார்.

மறுநாள் காலை துவைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு அவராகவே துரைசாணியிடம் போய்ச் சொன்னார். நான் தோட்டத்துக் குழாயடியில் நின்று கேட்டேன். "மூணு மாசமா எனக்கு வாசனையே தெரியாதும்மா. எல்லாம் என் பெஞ்சாதிதான் மோந்து பார்த்துச் சொல்லும்."

அவள் திட்டவில்லை. பத்து நாளில் அதே ஊரில் ஒக்கலிபுரத்திலிருந்து வேறு சமையல்காரர் வந்தார். அவருக்குச் சொந்த வீடு இருந்ததால் அறை எங்களிடமே தங்கியது. என் கணவரை மேசையில் பரிமாறும் வேலைக்கு மாற்றினார்கள். வாசனை அவருக்குத் திரும்பி வரவே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் புதியவர் வாட்டிய மீனை அவர்தான் உள்ளே எடுத்துப் போவார். அந்த நேரத்தில் நான் சமையலறைப் பக்கம் போவதில்லை.