பாடு இல்லை

சின்னவளே, நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும். தாத்தா அந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் வீடே சிரித்தது. உன் அண்ணன் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த சோறு பாயில் சிந்தியது. "நீ மட்டும் ஏம்பா சிரிக்கல?" என்று நீ கேட்டாய். பல்வலி என்றேன். பல் நன்றாகத்தான் இருந்தது. நான் பத்தாவதோடு பள்ளியை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் நீங்கள் இருவரும் திருத்திக்கொள்ளுங்கள். கதையில் இருக்கும் பிழையை மட்டும் நான்தான் திருத்த வேண்டும்.

தாத்தாவின் கதை உங்களுக்கு மனப்பாடம். "எம்புள்ள சரியாத்தான் சொன்னான். பாடு இல்லைன்னான். அந்த ஆபீசரு கோயமுத்தூரு பக்கம், அவருக்கு இன்னா தெரியும்? கஷ்டம் இல்லைனு எழுதிக்கினு பூட்டாரு. ஒரே ஒரு சொல்லு, எட்டு மாசம் என்னைப் பனியில நிக்க வெச்சிட்டுது."

ஏரிக்கு வெளியே இருப்பவர்கள் இதைப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்குப் பாடு என்றால் கஷ்டம். பழவேற்காடு ஏரியில் எங்களுக்குப் பாடு என்றால் வலை போடும் முறை. எந்த வீடு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். பாடு இருக்கிற வீட்டில் உலை கொதிக்கும். ஏரியில் இறங்க ஆளில்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது. என் நைனா, அதாவது உங்கள் தாத்தா, பட்டாளத்துக்குப் போனதும் எங்கள் பாடு போய்விட்டது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. பங்குனி மாதத்தில் ஒரு காலை, மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா அப்படியே சாய்ந்தாள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிப் பேச்சு குழறியது. நைனா லீவில் ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரிடம் சொன்னதை நானும் நின்று கேட்டேன். தினமும் இரண்டு வேளை கையையும் காலையும் நீட்டி மடக்கிவிட வேண்டும், பிடித்து நடக்க வைக்க வேண்டும், முதல் ஆறு மாதத்தில் எது திரும்புகிறதோ அதுதான், அப்புறம் கஷ்டம் என்றார்.

நைனா வீட்டுச் சுவரோரம் வலைக்கயிறு ஒன்றை இழுத்துக் கட்டினார். அம்மா இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு, நைனாவின் தோளில் சாய்ந்து வாசல் வரை நடந்தாள். லீவு முடிந்தது. வீட்டில் பார்க்க ஆளில்லை, என்னை விடுவித்து அனுப்புங்கள் என்று பட்டாளத்தில் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வடக்கே ரயில் ஏறிவிட்டார். மனு உண்மைதானா என்று விசாரிக்க ஒரு ஆபீசர் வீட்டுக்கு வருவார். அவர் எழுதுவதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மனு ஏற்கப்பட்டால் ஆடிக்குள் நைனா வந்துவிடுவார்.

அவர் வரக்கூடாது என்று நான் நினைத்தேன்.

இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆயிருக்கிறது. அதனால் காரணத்தையும் எழுதிவிடுகிறேன். எங்கள் குப்பத்துப் பள்ளியில் நான் மிலிட்டரிக்காரர் பையன். யூனிபார்மில் இருக்கும் நைனாவின் போட்டோவைப் பையில் வைத்துத் திரிந்ததில் அதன் மூலை மழுங்கியிருந்தது. ஆகஸ்டு பதினைந்துக்கு உன் நைனா யூனிபார்மோடு வந்து கொடியேற்ற வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொல்லியிருந்தார். அதற்குள் மனு விஷயம் பரவிவிட்டது. எனக்கு முன் பெஞ்சில் இருந்தவன் ஒருநாள் திரும்பி, "இன்னாடா, உங்க நைனா துப்பாக்கிய வச்சிட்டு ஜல்லிக்கரண்டி புடிக்க வராராமே?" என்றான். வகுப்பே சிரித்தது. அன்று முழுக்க அந்தக் கரண்டி என் கண்ணில் நின்றது. எல்லையில் நிற்கிறவர் எங்கள் வீட்டு அடுப்படியில் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மாவின் பேச்சு அப்போது என் ஒருவனுக்குத்தான் புரியும். பக்கத்து வீட்டு அத்தைக்குக்கூடப் பாதிதான். அத்தை நைனாவின் அக்கா. காலையில் மீன் கூடையோடு பழவேற்காட்டுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். அவளைக் கூட வைத்துக்கொண்டு விசாரணையை நடத்துவது என்றுதான் ஏற்பாடு. ஆபீசர் சாயங்காலம் வருவதாகச் சேதி. ஆனால் அந்தச் சனிக்கிழமை, பகல் பதினொரு மணிக்கே படகிலிருந்து இறங்கிவிட்டார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார்.

நல்ல மனிதர். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தாத்தாவின் கதையில் அவர் முட்டாள். அம்மாவைப் பார்த்ததும் கும்பிட்டார். நாற்காலி வேண்டாம் என்று தரையிலேயே உட்கார்ந்தார்.

"ஏனுங்கம்மா, வீட்டு நெலமை எப்படிங்க?" என்றார்.

அம்மா வாயைக் கூட்டிக்கூட்டிச் சொன்னாள். உதடு ஒட்டாது, அதனால் முதல் எழுத்து வராது. "ஆடு... இல்ல."

"ஆடுங்களா? ஆடு, மாடு ஒண்ணும் இல்லீங்களா?" என்று எழுதப் போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் கோணிய வாயால் சிரித்தாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்று அதுதான் கடைசி.

"ஆடு இல்ல சார். பாடு. பாடு இல்லைன்றாங்க."

ஆபீசர் பேனாவை நிறுத்தினார். "பாடு இல்லீங்களா?" என்று அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பாடு ஒண்ணும் இல்லைன்னா எதுக்குங் கண்ணு மனு? நல்லாக் கேட்டுச் சொல்லு."

பாடு என்றதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. தமிழ் வாத்தியார் 'பாடுபட்டு உழைத்தான்' என்று எழுதிப்போட்டதை நான்தான் வகுப்பில் எழுந்து படித்திருக்கிறேன். "அது வலை போடற முறை சார்" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை நான் விடவில்லை.

"ஆமா சார். பாடு இல்லையாம்."

"அம்மாவ யாரு பாத்துக்கறா?"

"நான் சார்."

அதுவும் பொய்யில்லை. அவர் என் தலையைத் தடவினார். கெட்டிக்காரன் என்றார். எழுதி முடித்துச் சத்தமாகப் படித்துக் காட்டினார். குடும்பத்தில் கஷ்டம் ஏதும் இல்லை எனவும், மகன் உடனிருந்து நன்கு கவனித்து வருவதாகவும், மனைவியே தெரிவித்தார் என்று படித்தார்.

அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவள் கயிற்றைப் பிடித்து எழப் பார்த்தாள். "இல்ல... இல்ல..." என்று கத்தினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"என்ன சொல்றாங்க தம்பி?"

"இல்லைன்னுதான் சார் சொல்றாங்க. கஷ்டம் இல்லைன்னு."

"அழறாங்களே?"

"அவங்களுக்கு இப்ப அப்டித்தான் சார். சும்மாவே கண்ணுல தண்ணி வரும்."

அவர் மைப்பெட்டியைத் திறந்தார். அம்மாவின் இடது கட்டைவிரல் ரேகை வேண்டும். அம்மா கையை இழுத்துக்கொண்டாள். "ஆடாமப் புடிச்சுக்க கண்ணு" என்றார் அவர். நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தேன். இருக்கிற ஒரு நல்ல கை அது. பிடித்து, விரலை மையில் தோய்த்து, காகிதத்தில் அழுத்தினேன். அதன் பக்கத்தில் சாட்சி என்று என் பெயரை எழுதினேன். பள்ளியில் வாங்கிய நல்ல கையெழுத்துப் பரிசு வீணாகவில்லை.

அவர் போனதும் அம்மாவுக்குச் சோறு பிசைந்தேன். அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். தினமும் திறப்பது போலவே திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையின் போனில் நைனா பேசினார். அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வெகு நேரம் சொன்னாள். இப்படி அவள் மூச்சு விடாமல் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பக்கம் நைனா, "புரியலம்மா... மெள்ள சொல்லு... சரி, அவன்கிட்ட குடு" என்றார்.

நான் வாங்கினேன். "இன்னாடா சொல்றா?" என்றார்.

"சோறு துன்னியான்னு கேக்குறாங்க நைனா."

"துன்னேன்னு சொல்லு."

சொன்னேன். அம்மா என்னையே பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆடியில் மனு தள்ளுபடி ஆனது. ஆகஸ்டுக்கு நைனா வரவில்லை. இருந்த லீவு எல்லாம் பங்குனியிலேயே செலவாகியிருந்தது. கொடியை ஹெட்மாஸ்டரே ஏற்றினார். எனக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கிடைத்தது, எல்லோருக்கும் கிடைத்தது போல.

பள்ளிக்குப் போகும் முன் அம்மாவின் கையை மடக்கி நீட்டிவிடுவேன். பத்து தடவைக்குப் பதில் நான்கு. சாயங்காலம் மறந்துவிடும். வலது கை கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. ஐப்பசியில் விரல்களைப் பிரிக்கவே முடியவில்லை, கயிறு சுவரில் சும்மா தொங்கியது. அதற்கப்புறம்தான் அத்தை குப்பத்துத் தலைவரைக் கூட்டிக்கொண்டு அந்த ஆபீசரின் ஆபீசுக்கே போய், "என் தம்பி பொண்டாட்டி கெடக்கறத வந்து உங்க கண்ணால பாருங்கய்யா" என்று ஊர் கேட்கச் சத்தம் போட்டாள். மறு விசாரணைக்கு வேறொருவர் வந்தார். பாடு என்றால் என்ன என்று அவரிடம் அத்தையே சொன்னாள். அப்போதுதான் எல்லோருக்கும் அந்த எழுத்துப் பிசகு தெரிந்தது. "ஐயோ, புள்ள சொன்னத புரிஞ்சிக்காம எழிதிட்டானே" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் அழுகைக்கும் எல்லோரும் நல்ல அர்த்தமே எடுத்துக்கொண்டார்கள்.

மாசியில் நைனா பச்சைப் பெட்டியோடு வந்து இறங்கினார். யூனிபார்மிலிருந்து லுங்கிக்கு மாறினார். கரண்டியும் பிடித்தார். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் சொல்வதை வாயைப் பார்த்துத் திருப்பிச் சொல்லிச் சொல்லி, பத்தே நாளில் அவளுடைய பேச்சைக் கற்றுக்கொண்டார். இனி அவளுக்கு என் வாய் தேவையில்லை.

ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நைனா என்னைக் கூப்பிட்டார். அடி விழப்போகிறது என்று பையைக்கூட இறக்காமல் நின்றேன். அவர் அம்மாவின் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, "இங்க பாரு" என்றார். "மணிக்கட்ட இறுக்கக்கூடாது. அடியில கை குடுத்துத் தாங்கணும். இப்டிப் புடிச்சா அவளுக்கு வலிக்காது. இன்னா, புரிஞ்சிதா?"

"புரிஞ்சிது நைனா" என்றேன். கைப்பயிற்சி சொல்லித் தருகிறார் என்று நினைத்தேன். அம்மா சொல்லவில்லை, தப்பித்தேன் என்றும் நினைத்தேன்.

அந்த வாரம்தான் நைனா முதன்முதலாக அந்தக் கதையைச் சொன்னார். லைட்ஹவுஸ் குப்பம் டீக்கடையில் யாரோ, "இன்னாபா, முதல் மனுவே தள்ளுபடி ஆயிப்போச்சாமே, வூட்டுல யாரு இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்கள். "எம்புள்ள சரியாத்தான் சொன்னான்" என்று ஆரம்பித்தார். கடையே சிரித்தது. அடுத்த சீட்டில் எங்களுக்குப் பாடு கிடைத்தபோது அம்மாவிடம் வந்து, "இப்ப ஆடு இருக்குதுடி" என்றார். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு ஏழு வருடம் இருந்தாள். அந்தக் கை கடைசி வரை திறக்கவில்லை.

நைனா வெகுளி, எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் பச்சைப் பெட்டியில் இருந்த காகிதங்களை எல்லாம் வலைக்கு மேல் பரப்பிக் காயவைத்தோம். நீங்கள் இருவரும் காற்றில் பறந்ததைத் துரத்திக்கொண்டிருந்தீர்கள். என் கையில் ஒன்று வந்தது. அந்த விசாரணையின் நகல். மேலே இருந்த தேதிப்படி, மறு விசாரணையின்போதே நைனாவுக்கு வந்திருக்கிறது. கடைசி வரி, 'மேற்கண்டவை படித்துக் காட்டப்பட்டன, சரி.' அதன் கீழே என் கையெழுத்து, மணி மணியாக. பக்கத்தில் அம்மாவின் ரேகை. அது ரேகையாகவே இல்லை. இழுபட்டு, தேய்ந்து, காகிதத்தின் ஓரம் வரை போயிருந்தது.

நிமிர்ந்தேன். நைனா எதிரே நின்றிருந்தார்.

"இன்னும் காயல, குடு" என்று என் கையிலிருந்து அதை வாங்கினார். எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டு, பறக்காமல் இருக்க ஒரு செங்கல்லை எடுத்து மேலே வைத்தார்.

அன்று சாயங்காலம், நீ என்னைக் கேட்ட அதே சாயங்காலம், விருந்தாளிகள் வந்தார்கள். சோறு போட்டதும், யாரும் கேட்காமலே, "எம்புள்ள சரியாத்தான் சொன்னான்" என்று ஆரம்பித்தார்.