நாலு அடிக்குள் ஒரு மகள்

பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும்தான் வரும். மற்றபடி அந்தக் கடைத்தெரு முழுக்க அவர் டேப்பு. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. சாப்பிடும்போதும் தொங்கும். ஒருமுறை பல்வலிக்கு டாக்டரிடம் போனபோதும் தொங்கியது; டாக்டர் வாயைப் பார்ப்பதற்கு முன்னால் தன் பேண்ட் தொளதொளவென்று இருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவர் புதுத் துணி தைப்பவர் அல்ல. கடையில் வாங்கிய பேண்ட்டை வெட்டிச் சின்னதாக்குவார், உடம்பு போட்டுவிட்டவர்களின் சட்டையைப் பிரித்துப் பெரிதாக்குவார். செருப்புக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில், ஒரு கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும் இடம் அது. ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி. அவ்வளவுதான் சொத்து.

ஆனால் கை சுத்தம் என்று பேரெடுத்தவர். பேண்ட் பையில் யாராவது மறந்துவிட்ட நோட்டு கிடைத்தால், அதைக் குண்டூசியால் துணியின் வெளியிலேயே குத்தித் தருவார், வந்தவர் தேட வேண்டாம் என்று. அளவிலும் பொய் கிடையாது. "எனக்கு இடுப்பு முப்பத்திரண்டுதான்" என்று அடம்பிடித்த ஒரு பெரிய மனிதரிடம், "அது உங்க இடுப்புக்குத் தெரியலையே சார்" என்று சொல்லி முப்பத்தாறு என்று எழுதியவர். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போய், வேறு கடையில் முப்பத்திரண்டுக்கே பிடித்துக்கொண்ட பேண்ட் கிழிந்த பிறகு திரும்பி வந்தார். இந்தக் கதையை டேப்பு அலுக்காமல் சொல்வார். மகளுக்கு அது மனப்பாடம்.

மகள் ஒருத்திதான். அதிகம் கேட்காத பிள்ளை. பென்சிலைக்கூடக் கையில் பிடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்த பிறகுதான் அடுத்தது கேட்பாள். அப்படிப்பட்டவள் இரண்டாம் வகுப்பில் ஒருநாள், "அப்பா, தீம் பார்க்ல ஒரு பெரிய ரயில் இருக்காம்ப்பா, தலைகீழாப் போகுமாம். நாம போலாமா?" என்று கேட்டாள். அவளுடைய மாமா குடும்பம் அப்போதுதான் போய்வந்து, ரயிலில் தலைமுடி பறக்க அலறும் போட்டோவைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தது. டேப்பு அந்தப் போட்டோவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அடுத்த லீவுக்குக் கண்டிப்பாப் போறோம்" என்றார்.

அதிலிருந்து ஆரம்பித்தது வினை. அவரும் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவியும் சேர்த்து வைப்பார்கள். மூன்று டிக்கெட்டுக்கு ஆயிற்று என்று நிமிர்ந்தால் பார்க்குக்காரன் விலையை ஏற்றியிருப்பான். கேட்டால் புது நீச்சல் குளம் கட்டியிருக்கிறோம் என்பான். அடுத்த வருடம் லீவு நாட்களுக்குத் தனி விலை என்றான். உழைக்கிறவனுக்கு லீவு அன்றைக்குத்தானே லீவு! அதற்கடுத்த வருடம் வண்டி நிறுத்த, பை வைக்க, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒரு விலை போட்டான். டிக்கெட்டும் மகளும் போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தார்கள். சேமிப்புதான் சவலைப் பிள்ளையாகப் பின்னாலேயே வந்தது. அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். "அடுத்த லீவு" என்ற பேச்சை எடுத்தாலே, "சரிப்பா" என்று சீக்கிரம் சொல்லிவிட்டு எழுந்து போகப் பழகியிருந்தாள். அந்த "சரிப்பா"தான் டேப்பைக் குடைந்தது.

இந்த முறை விட்டால் ஆகாது என்று அவர் போனில் விலைப் பட்டியலைத் திறந்து பார்த்தார். வழக்கம்போல ஏறியிருந்தது. ஆனால் கீழே ஒரு வரி: நாலு அடிக்குக் குறைவான பிள்ளைகளுக்குப் பாதி விலை. மகள் நாலு அடி இரண்டு அங்குலம். இதை அவர் அளந்து பார்க்கத் தேவையில்லை, கண்ணே சொல்லும். இரண்டே அங்குலம். அந்தப் பாதி விலை மிச்சமானால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே கிளம்பலாம்.

வெட்டிச் சின்னதாக்குவதுதானே நம் தொழில் என்று தோன்றியிருக்க வேண்டும். அன்று மாலையே, உள்ளே முழங்காலை மடக்கி நின்றாலும் வெளியே தெரியாத ஒரு கவுன் வெட்ட உட்கார்ந்துவிட்டார். கணுக்கால் வரை நீளம், பூப்போட்ட நீலத் துணி. இடுப்பிலிருந்து நிறைய மடிப்பு. முன்பக்கம் உள்ளே, சட்டைக் காலருக்கு வைக்கும் விறைப்பான கேன்வாஸை நீளமாக வெட்டி வைத்துத் தைத்தார், முழங்காலை மடக்கினால் முட்டி துருத்திக்கொண்டு தெரியக் கூடாதல்லவா? வளைந்து நின்றால் ஓரம் தரையைத் தொட வேண்டும், ஆனால் தரையில் குவியக் கூடாது. இதற்காகவே மூன்று முறை பிரித்துத் தைத்தார். கல்யாணப் பெண்ணின் உடைக்குக்கூட அவர் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

வீட்டில் ஒத்திகை நடந்தது. மகளுக்கு முதலில் ஒரே சிரிப்பு. முழங்காலை மடக்கிக்கொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் வாத்து மாதிரி நடந்து காட்டினாள். அவர் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கண்ணு... போதும், போதும். தலையை ஆட்டாத. முகத்தைச் சாதாரணமா வெச்சுக்கணும்" என்று சொல்லிக்கொடுத்தார்.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, ஒரு பொய்யைத் தச்சு அவ உடம்புல மாட்டி விடுறீங்களே, நல்லாவா இருக்கு?"

"பிடுங்கித் தின்கிறவன்கிட்ட ரெண்டு இன்ச்சைக் காப்பாத்துனா அது பொய்யா? அவன் அடிக்கிற கொள்ளைக்கு முன்னால இது எந்த மூலைக்கு?"

"அவன் அடிக்கட்டும். நமக்கு என்ன வந்துச்சு?"

"நாலு வருஷமாச் சரிப்பா சரிப்பான்னுட்டு இருக்கா. அது உனக்குக் கேக்கலையா?"

அவளுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே இன்னொரு முறை மடக்கி நின்று காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் ஒரு பலகை. அதில் வரைந்திருந்த கரடி ஒன்று நாலு அடி உயரத்தில் கையை நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சீருடை போட்ட இளம்பெண். டேப்பின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போயிற்று. அன்று நாடாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"பாப்பா, கரடிக்குக் கீழ நில்லுடா."

மகள் நின்றாள். கவுனுக்குள் என்ன நடந்ததென்று வெளியே ஒன்றும் தெரியவில்லை. தையல் அவ்வளவு நேர்த்தி. கரடியின் கை அவள் தலைக்கு மேலே இருந்தது.

"எத்தனாவது படிக்கிற?"

பிள்ளைக்கு வகுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. "அஞ்சாவது" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். டேப்பு அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தார்.

அந்தப் பெண்ணோ மனைவியைப் பார்த்து, "அஞ்சாவதா? வளரவே இல்லையேம்மா. நல்லா ஊட்டிச் சாப்பிட வைங்க" என்று அக்கறையாகச் சொல்லி, மகள் மணிக்கட்டில் மஞ்சள் பட்டையைக் கட்டிவிட்டாள். பெரியவர்களுக்கு நீலம். மனைவி, "சரிம்மா" என்றாள். உள்ளே போன பிறகு வெகுநேரம் அவள் கணவர் பக்கம் திரும்பவில்லை. சோறு போடாத அம்மா என்ற பேரையும் வாங்கியாயிற்று.

இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் எல்லாம் மறந்துவிட்டது. மகள் தண்ணீரில் சறுக்கினாள், சுற்றும் கோப்பையில் உட்கார்ந்தாள், வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியை நின்றுகொண்டே தின்றாள். "இப்ப ரயிலுக்குப் போலாம்ப்பா" என்று அவர் விரலைப் பிடித்து இழுத்தாள். வரிசை நீளம். வெயில் சுட்டது. கேன்வாஸ் வைத்த கவுனுக்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. இருந்தும், ஒவ்வொரு முறை ரயில் தலைக்கு மேல் அலறிக்கொண்டு போகும்போதும் குதித்தாள். டேப்பு அவளைப் பார்த்துப் பார்த்து மலர்ந்துபோனார். இதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைத்தார்.

வரிசையின் முனைக்கு வந்தபோதுதான் அந்தப் பலகையைப் பார்த்தார். அதே கரடி, அதே கை. நாலு அடிக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி.

அன்று போனில் விலையைப் படித்தவர் அதற்கு மேல் படித்திருக்கவில்லை. அந்த விலையைப் பார்த்த கண் வேறெதற்கும் நகர்ந்திருக்காது என்பது வேறு விஷயம். உயரத்தைக் குறைத்து உள்ளே கொண்டுவந்த பிள்ளைக்கு, உள்ளே உயரம் வேண்டுமாம்.

கழுத்தில் விசில் தொங்கவிட்ட ஒருவர் அங்கே நின்றிருந்தார். மஞ்சள் பட்டையைப் பார்த்ததும், "சின்னப் பசங்களுக்கு இது கிடையாதுடா செல்லம்" என்றார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல மனிதர். "ஆனா நீ வளர்ந்த பொண்ணு மாதிரி தெரியுறியே. வாசல்ல தப்பாக் கட்டிட்டாங்களோ? வா, இங்க நில்லு, பார்த்துடலாம். உயரம் இருந்தா நான் ஏத்திவிடுறேன். வாசல்ல நான் பேசிக்கிறேன்."

இதைவிட வேறு என்ன வேண்டும்? அவள் சும்மா நிமிர்ந்து நின்றால் போதும். நாலு வருடமாகக் காத்திருந்த ரயில் காலடியில் வந்து நின்றிருந்தது. இருக்கைகளில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வாசலில் பேசுவாராம். யார் கட்டினார்கள், எப்படிக் குறைந்தது என்று கேட்பார்கள். அந்தப் பயம் முழுதும் அவர் முகத்தில் எழுதியிருந்தது. அதைத்தான் அவள் பார்த்தாள்.

அவள் போய்க் கரடிக்குக் கீழே நின்றாள். முழங்காலை மடக்கினாள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"அடடா, கொஞ்சூண்டுதான் கம்மி" என்றார் விசில்காரர், உண்மையான வருத்தத்தோடு. "அடுத்த வருஷம் வளர்ந்துட்டு வா, என்ன?"

"சரி அங்கிள்."

திரும்பி வந்தாள். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால் தெரிந்துவிடும் என்று, மடக்கிய முழங்காலோடே நடந்தாள். கம்பித் தடுப்பு முடிகிற வரைக்கும், ஐஸ்கிரீம் கடையைத் தாண்டி மூலை திரும்புகிற வரைக்கும் அப்படியே நடந்தாள். வீட்டில் வாத்து நடை என்று சிரித்த பிள்ளைதான். டேப்பு பின்னாலேயே போனார். முன்னால் போய் அவள் கையைப் பிடிக்க அவருக்குத் துணிவு வரவில்லை.

மூலை திரும்பியதும், வரிசையிலிருந்து கூடவே வந்த மனைவி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கணவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "போய் உண்மையைச் சொல்லுங்க. மிச்சத்தைக் கட்டிடலாம். பஸ்ஸுக்கு மட்டும் இருந்தாப் போதும், சாப்பாட்டை வீட்ல போய்ப் பார்த்துக்கலாம். போங்க."

போனார். பணம் சட்டைப் பையில் இருந்தது, இல்லாதது வாய்தான். விசில்காரர், "என்ன சார்?" என்று சிரித்த முகமாகக் கேட்டார். குண்டூசி குத்தி நோட்டைத் திருப்பித் தந்த மனிதர், பெரிய மனிதரின் இடுப்பை முகத்துக்கு நேரே சொன்ன மனிதர், "குடிக்கத் தண்ணி எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். விசில்காரர் கையை நீட்டி வழி காட்டினார். டேப்பு அந்தக் குழாய் வரை போய், தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்தார்.

திரும்பி வந்து, "இனிமே மாத்த முடியாதாம்" என்றார்.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவளிடம் அந்தப் பொய் எடுபடவில்லை. மகளோ, "பரவாயில்லப்பா, பார்த்தாலே பயமாத்தான் இருக்கு" என்றாள். அவளும் பொய்தான் சொன்னாள். அவரைவிட நன்றாகச் சொன்னாள்.

நான் அவரைத் திட்டலாம் என்றுதான் பார்க்கிறேன். ஒரு குடும்பம் ஒருநாள் சிரித்துவிட்டு வர இத்தனை கேட்கிறவனை முதலில் திட்ட வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் டேப்பு அந்தச் சாக்கைத் தனக்குத் தந்துகொள்ளவில்லை. விலையை ஏற்றியது அவன் செய்த வேலை, பிள்ளையை வளைத்தது தன் வேலை என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு யாராவது, "டேப்பண்ணே, அந்த முப்பத்தாறு கதையைச் சொல்லுங்க" என்றால், மெஷினில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி குனிந்துவிடுவார். நீலக் கவுனைப் பிரித்துத் தலையணை உறை தைக்கலாம் என்று மனைவி சொன்னதற்கு, வேண்டாம் என்று தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டார். ஒருநாள் மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று சொற்களை எல்லாம் கோத்து வைத்திருந்தார். அவள் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "என்னப்பா?" என்றதும், "ஒண்ணுமில்ல, படி" என்றார்.

லீவு முடிந்து பள்ளி திறக்கும் நேரம் வந்தது. பழைய சீருடை குட்டையாகிவிட்டது. மகளைக் கடைக்கு வரச் சொன்னார். செருப்புக் கடைக்காரர் டீயைக் குடித்தபடி வாசலில் நின்று, "பொண்ணு நல்லா வளர்ந்துட்டா போலிருக்கே" என்றார். டேப்பு சிரித்து வைத்தார். கழுத்திலிருந்து நாடாவை எடுத்து, அதன் நுனியை அவள் தோளில் வைத்தார்.

அவள் நிமிரவும் இல்லை, வளையவும் இல்லை. இரண்டுக்கும் தயாராக நின்றாள். குறும்பாகக்கூட இல்லாமல், கணக்கில் சந்தேகம் கேட்பதுபோலத் தலையைத் திருப்பி, மெதுவாகக் கேட்டாள்:

"எவ்வளவு வரணும்பா?"