மலைப்படத்தில் இறங்கி வந்த பாதை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், எழுத்துப் பிழையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன். பேய், பில்லி எதையும் நான் நம்பியதே இல்லை. நீங்களும் இதை நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

விஸ்வநத்தத்தில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறேன். எனக்கு இருந்தது தம்பி கருப்பசாமி ஒருவன்தான். நெல்லிக்காய் பறிக்க மேற்கு மலைக்குப் போனவன் திரும்பவில்லை. தேடினவர்கள் கைவிரித்துவிட்டார்கள். காரியம் செய்துவிடு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை. இன்னும் அவனுக்கும் சேர்த்தே உலை வைக்கிறேன்.

இந்தச் சீசனில் பழைய காகித லோடில் ஒரு கட்டு மலைப்படம் வந்தது. பெரிய பெரிய தாள், முழுக்கப் பழுப்புக் கோடு சுழிசுழியாக. சுற்றச் சுற்ற வந்துகொண்டே இருந்தது. கடைசித் தாளைப் போர்மேன் எழுத்துக்கூட்டிப் பார்த்தார். என்னைவிட மூத்தவர்.

"வெள்ளக்காரன் காலத்துப் படம்லே. நம்ம மேக்கு மலதான்."

அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் குழாய் சுற்றும் பேச்சியம்மா, "எதுக்குண்ணே, மலையேறப் போறீகளோ?" என்று சிரித்தாள். தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுச் சுவரில் குழாய்ப் பசையாலேயே ஒட்டினேன். காட்டுக்கு நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு ஒற்றையடிப் பாதை, ஓடைக்கரையில் முடிந்திருந்தது. தம்பி அங்கே இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, எரிந்த தீக்குச்சியால் அந்த முனையில் கரிப்பொட்டு வைத்தேன். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், பொட்டு வைத்த இடத்திலேயே இருக்கிறது, பாதை ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கிறது, அதே அச்சு மை, எச்சில் தொட்டுத் தேய்த்தும் அழியவில்லை. அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே பார்த்து இறங்கி வந்தது. கதவைத் தாழ்ப்பாள் போடாமல் படுக்க ஆரம்பித்தேன்.

தாளின் ஓரத்தைத் தொட்டதும் நின்றுவிட்டது. போர்மேனிடம் மெதுவாகக் கேட்டேன், அந்தப் படம் ஓரத்தோடு முடிந்துவிடுமா என்று.

"அடுத்த தாள்ல தொடரும்லே. அடிவாரம், நம்ம ஊரு எல்லாம் அதுலதான் இருக்கும்."

"அந்தத் தாளு எங்கண்ணே?"

"என்னயக் கேக்க? நீதான அம்புட்டையும் சுத்துன. மருந்து அடச்சு லோடு ஏத்தியாச்சு."

நேற்று ஊரெல்லாம் வெடி. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலையிலும் பாதை ஓரத்திலேயே நிற்கிறது. ஆனால் அங்கே மட்டும் புள்ளிமேல் புள்ளி விழுந்து கறுத்திருக்கிறது, போக வழி தெரியாமல் ஒரே இடத்தில் கால் மாற்றி மாற்றி நிற்பவன் தடம் போல.

எழுதியது: ஐப்பசி மாதம், தீபாவளிக்கு மறுநாள்.