பட அட்டைகளும் பேசாத பிள்ளைகளும்

பேச்சுப் பயிற்சி என்பது, பதில் சொல்லாத ஒரு பிள்ளையின் எதிரே உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நாமாகவே பேசிக்கொண்டிருக்கும் வேலை.

மைசூரில் அதற்கான படிப்பை முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நான் கோயமுத்தூர் வந்து சேர்ந்தேன். போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டி ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறையைக் காலி செய்து எனக்குக் கொடுத்தார். ஒரு குட்டை மேஜை, இரண்டு குட்டை நாற்காலி, சுவரில் ஒரு கண்ணாடி. நானும் ஆயா மரகதம்மாளும்தான் அங்கே எல்லாம். இதைப் படிக்கிற நீங்களும் இந்த வேலையில் இருப்பவர் என்றால், அல்லது வீட்டில் ஒரு பேசாத பிள்ளையிடம் "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று விடிந்ததிலிருந்து கெஞ்சிக்கொண்டிருப்பவர் என்றால், கீழே உள்ளதில் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. மாட்டிக்கொண்டது நாம் மட்டும் இல்லை என்ற ஆறுதலுக்காகப் படியுங்கள்.

போர்டு

வாசலில் 'பேச்சுப் பயிற்சி அளிக்கப்படும்' என்று ஒரு போர்டு மாட்டினோம். முதல் வாரம் யாரும் வரவில்லை. இரண்டாம் வாரம் வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் வந்து குட்டை நாற்காலியில் முழங்கால் மார்பைத் தொட உட்கார்ந்தார். கட்சிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் கை நடுங்குகிறதாம், பத்து நிமிஷம் தடங்கல் இல்லாமல் பேசினால் போதுமாம். எத்தனை நாளில் சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்.

இது பேச்சு வராத குழந்தைகளுக்கான பயிற்சி என்று விளக்கினேன். அவர் மேஜையையும் கண்ணாடியையும் என்னையும் ஒரு முறை பார்த்தார். எழுந்து போகும்போது அவர் சொன்னதை அப்புறம் ஒன்பது வருஷம் வேறு வேறு வாய்களில் கேட்டுவிட்டேன். "குழந்தைக்குப் பேசறதுக்கு ஆளு வெச்சா சொல்லித் தருவாங்க? அது தானா வாறதுங்களே, அம்மணி."

இட்லி

டாக்டரின் தம்பி லண்டனிலிருந்து வந்தபோது எனக்காக ஒரு பெட்டி பட அட்டைகள் வாங்கி வந்தார். வழவழப்பான தாள், நல்ல வண்ணம். உள்ளே புகைபோக்கி வைத்த வீடு, பனிக்கட்டியில் கட்டிய குடிசை, பனியில் செய்த மனிதன், ஸ்ட்ராபெர்ரி. கூடவே ஒரு தாள். பிள்ளை ஒவ்வொரு படத்துக்கும் பேர் சொன்னால் சரி, சொல்லாவிட்டால் தவறு. அதற்கு நடுவில் வேறு கட்டம் கிடையாது.

உக்கடத்தில் பூட்டுக் கடை வைத்திருந்த ஒரு பாய், மகள் சபீனாவைக் கூட்டி வந்தார். நாலு வயது. 'அத்தா' தவிர வேறு சொல் இல்லை. நான் ஒவ்வொரு அட்டையாகக் காட்டிக்கொண்டே போனேன். பனிமனிதன் வந்தபோது, ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த அந்த இரண்டு வெள்ளை உருண்டைகளைத் தொட்டு, "இத்தி" என்றாள். இட்லியைத்தான் சொன்னாள். அது அவளுடைய இரண்டாவது சொல். நான் படித்து வந்த ஒழுங்கில், தாளைப் பார்த்தேன், அங்கே பனிமனிதன் என்று இருந்தது, தவறு போட்டேன். பேனா போன திசையை அந்தக் குழந்தை பார்த்தது. அன்றைக்கு மீதி இருந்த முப்பது அட்டைக்கும் வாயே திறக்கவில்லை.

அவளுடைய அத்தா பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லாமல் கேட்டார். "நானும் இட்லின்னுதானுங்க நெனச்சேன், டீச்சர். எனக்கும் தப்பு போட்டுருவீங்களா?"

கரப்பான் பூச்சி

லண்டன் பெட்டியை மூடி வைத்துவிட்டு நானே அட்டை செய்ய ஆரம்பித்தேன். ஜவுளிக்கடைச் சட்டைப் பெட்டிகளை வெட்டினேன். வாரப் பத்திரிகை, காலண்டர், தீப்பெட்டி, பிஸ்கட் உறை, எதில் நல்ல படம் கண்ணில் பட்டாலும் கத்திரி போட்டேன். ஆடு, டவுன் பஸ், சொம்பு, முறம், செருப்பு, முறுக்கு. கிடைக்காததை நானே வரைந்தேன். என் மாடும் நாயும் ஒரே மாதிரி இருக்கும். மைதா பசை காய்ச்சி ஒட்டி, இரண்டு மாதத்தில் நூற்றுச் சொச்சம் அட்டை சேர்ந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துக் கை நீட்டினார்கள். சபீனா மட்டும் தொடவில்லை. என் கையில் பேனா இருக்கிறதா என்று பார்ப்பாள். அவள் வாயிலிருந்து 'இத்தி' மறுபடி வர ஐந்து மாதம் பிடித்தது.

பொங்கலுக்கு நாலு நாள் கிளினிக் மூடியிருந்தது. திறந்து வந்து அலமாரியை இழுத்தால், பசை இருந்த இடமெல்லாம் அரித்துக் கிடந்தது. உட்கார்ந்து அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அழுதேன். மரகதம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து நல்லது கெட்டது பிரித்தாள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கடைசியில் சொன்னாள், "படத்த மட்டுந்தான் தின்னுபோட்டுதுங்க, டீச்சர். அட்டையெல்லாம் அப்புடியே இருக்குது."

ஊதுவது

கிணத்துக்கடவு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, ஐந்து வயது மகனோடு வாரம் ஒரு தடவை வந்தார். பையன் பேர் செந்தில். பேசுவதில் பாதி மூக்கில் போய்விடும், மீதி வாய்க்குள்ளேயே நின்றுவிடும். அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஊதும் பயிற்சி. மெழுகுவர்த்தியை ஊதி அணை, மேஜைமேல் பஞ்சு உருண்டையை ஊதித் தள்ளு, உறிஞ்சு குழலால் டம்ளர் தண்ணீரில் குமிழ் விடு, விசில் அடி, சோப்புத் தண்ணீரில் முட்டை விடு. செந்திலுக்கு இது பிடித்துப்போய்விட்டது. வீட்டிலும் பண்ணச் சொல்லிப் பஞ்சும் விசிலும் கொடுத்து அனுப்பினேன். அவன் அப்பா தினமும் காட்டு வேலை முடிந்து வந்து, மகனோடு தரையில் படுத்துப் பஞ்சு ஊதியிருக்கிறார்.

ஆறு மாதத்தில் செந்தில் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி மெழுகுவர்த்தியை அணைத்தான். பேச்சு மட்டும் முதல் நாள் இருந்த இடத்திலேயே நின்றது. ஊதினால் ஊதத்தான் வரும், பேச்சுக்குப் பேசித்தான் பழக வேண்டும் என்று பல வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த மனிதர்தான் ஞாபகத்துக்கு வந்தார். கடைசியாக வந்த அன்று, விசிலைத் துடைத்து என் மேஜைமேல் வைத்துவிட்டு அவர் சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங்க, டீச்சர். ஊதறதுக்கு ரண்டு பஸ்சு மாறி வரோணுமுங்களா?"

ரயில்

எங்களிடம் சத்தம் புகாத அறை கிடையாது. காது கேட்கிறதா என்று சோதிக்கும்போது ரயில் வந்தால் நிறுத்திக்கொள்வோம், போன பிறகு தொடர்வோம். ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்கிற ஒருவர், மனைவியோடு இரண்டு வயது மகள் திவ்யாவைக் கூட்டி வந்தார். அம்மா மடியில் குழந்தை. முன்னால் ஒரு பொம்மை. நான் பின்னால் நின்று மணி அடித்தேன், கிலுகிலுப்பை ஆட்டினேன், தட்டின்மேல் கரண்டியால் தட்டினேன். பொம்மையை விட்டுக் கண் திரும்பவில்லை. மறுபடி மறுபடி செய்து பார்த்துவிட்டு, குழந்தைக்குக் காது கேட்கவில்லை, இப்போதே கருவி மாட்டிப் பயிற்சி ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வந்தது. தரை அதிர்ந்தது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. திவ்யா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். அப்பா முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. அது அதிர்வு, உடம்பில் தெரிவது, கேட்பது இல்லை, மேஜைமேல் கை வைத்துப் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் கை வைக்கவே இல்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் மூன்று கடிதம் போட்டேன்.

இரண்டரை வருஷம் கழித்து வந்தார்கள். திவ்யாவுக்கு ஐந்து நெருங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சில் பை கட்டி, அதற்குள் காது கருவிப் பெட்டியை வைத்து, வயரைக் காதுக்கு ஏற்றி, 'ப', 'ம' என்று முதலிலிருந்து ஆரம்பித்தோம். மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் வயது போய்விட்டது என்று நான் வாய் விட்டுச் சொல்லவில்லை. அப்பா உள்ளே வராமல் வராந்தாவிலேயே நின்றார். அந்த அம்மாதான் மெதுவாகச் சொன்னாள். "அன்னைக்கு அந்த ரயிலு வராம இருந்திருந்தா, இவுரு நம்பியிருப்பாருங்க."

தறி

சோமனூர் பக்கம் ஒரு விசைத்தறி வீட்டுப் பெண் குழந்தை, சுகன்யா. மூன்றரை வயது, காது நன்றாகக் கேட்கிறது, கெட்டிக்காரி, பேச்சு மட்டும் இல்லை. குழந்தையோடு எந்நேரமும் பேசிக்கொண்டே இருங்கள், குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, எதைச் செய்தாலும் அதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் பஸ் ஏறி வீட்டுக்கே போனேன். முன்கூடத்தில் நாலு தறி. நான் வாசலில் நின்று கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. நூல் அறுந்தால் ஒரு கை ஜாடை, சாப்பிட வா என்பதற்கு ஒன்று, ஆள் வந்திருக்கிறது என்பதற்கு ஒன்று. புருஷன் பெண்டாட்டி அப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள். சுகன்யா எல்லா ஜாடையும் தவறில்லாமல் செய்தாள். வீட்டில் என்ன மொழி இருந்ததோ அதைச் சரியாகத்தான் கற்றிருந்தாள்.

நான் நிற்கும்போதே கரண்ட் போனது. தறி நின்றதும் அந்த அம்மா வேறு ஆளாகிவிட்டாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சளசளவென்று பேசினாள். இது போதும், ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் இதையே செய்யுங்கள் என்று சொன்னேன். செய்தார்கள். சுகன்யா பேசும் சொற்களை அவள் அப்பா ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவருவார். ஐந்து மாதத்தில் நாற்பது சொல். அதற்கடுத்த இரண்டு மாதம் நோட்டில் ஒரு வரி ஏறவில்லை. அவர்கள் அசட்டையாகிவிட்டார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அந்த அம்மா சங்கடத்தோடு சொன்னாள். "எங்க வீதிக்கு டிரான்ஸ்பார்மர் புதுசு மாத்திட்டாங்கங்க, டீச்சர். இப்பெல்லாம் கரண்டே போறதில்லீங்க."

சிவப்பு மையில் ஒரு வரி

இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சம்தான். பீளமேட்டிலிருந்து ஒரு தாய், மூன்றரை வயது மகன் பிரதீப்பைக் கூட்டி வந்தாள். வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். பிரதீப்புக்கு இருபது சொல் இருந்தது. பாலும் நாயும் தெலுங்கில், பஸ்ஸும் மாமாவும் தமிழில். பிள்ளைக்குப் பேச்சுத் தாமதமானால் ஒரே மொழிதான் பேச வேண்டும், இரண்டு மொழி குழப்பும் என்று எனக்குப் படிப்பில் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடம் போனால் தமிழ்தானே வேண்டும் என்று நானே முடிவு செய்து, அவர்கள் வீட்டுப் பாட நோட்டில் 'வீட்டில் தமிழ் மட்டும் பேசவும்' என்று சிவப்பு மையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

அவ்வளவு ஒழுங்கான தாயை நான் பார்த்ததில்லை. சொன்னதை எல்லாம் செய்தாள். ஒரு வருஷம் ஆனது. இருபது சொல் பதினாலானது. நான் அட்டைகளை மாற்றினேன், கைப்பொம்மை தைத்தேன், பயிற்சியைக் கூட்டினேன். மரகதம்மாள்தான் ஒரு நாள், வராந்தாவில் அந்த அம்மா பையனோடு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை, சும்மா தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னாள். கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள், "தமிழ்ல வா, போ, சாப்புடுன்னு சொல்ல வருதுங்க. கொஞ்ச வரலீங்க. வாயில தெலுங்கு வந்துரும்னு பயந்துட்டு பேசறதே உட்டுட்டேன்."

நோட்டை வாங்கி அந்த வரியை அடித்தேன். என்மேல்தான் தப்பு, உங்களுக்கு எது வருகிறதோ அதிலேயே பேசுங்கள் என்றேன். அடுத்த வாரம் வராந்தாவிலிருந்து அவள் குரல் கேட்டது. நிறுத்தாமல் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். பிரதீப் அவள் உதட்டில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலைந்து மாதத்தில் இரண்டு மொழியையும் கலந்து சின்னச் சின்ன வாக்கியம் பேசினான். சந்தோஷமாகத்தான் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது, இனி வர முடியாது என்று சொல்ல வந்த அன்று, வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். குறை சொல்லும் குரலில் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஏனுங்க டீச்சர், அந்த ஒரு வருசம் நான் அவங்கூடப் பேசாமயே இருந்தேனே, அது எதுக்குங்க?"

பேச்சு வந்த பிள்ளைகள் அதோடு வருவதை நிறுத்திவிடுகிறார்கள், வராத பிள்ளைகள்தான் வருஷக்கணக்கில் எதிரே வந்து உட்காருகிறார்கள் என்பதால், இந்தத் தொழிலில் நாம் தேறினோமா இல்லையா என்று நமக்கு வாய் திறந்து சொல்ல கடைசி வரை ஒருவரும் மிஞ்சுவதில்லை.