விலக்கில் இறங்குகிற சார்ஜ்

நான் மல்டிமீட்டரை நம்புகிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்ததும் கேட்கிறவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், எனக்கு அது பழகிவிட்டது. பேய், பிசாசு, காத்து கருப்பு எதையும் நான் நம்பினதில்லை. சாமி கும்பிடுவேன், அது வேறு. வண்டி ஒயரிங்கில் இத்தனை வருஷம் கிடந்த பிறகு எனக்கு ஒரே ஒரு தத்துவம்தான்: உலகத்தில் விளங்காதது என்று எதுவும் கிடையாது, எங்கேயோ ஒரு லூஸ் கான்டாக்ட் இருக்கிறது, நாம் இன்னும் அதைத் தொடவில்லை.

ராமநாதபுரத்தில் எலெக்ட்ரிக் லோடு வண்டிகளுக்கு சர்வீஸ் பார்க்கிறேன். மாவட்டம் முழுக்க நான் ஒரே ஆள். திருவாடானையில் ஒரு வண்டி நின்றுவிட்டது என்று போனால், அதை முடிப்பதற்குள் மண்டபத்தில் இன்னொன்று நிற்கும். பைக்கில் அலைந்து அலைந்து இடுப்பு விட்டுப்போய்விட்டது. கடலோர வண்டிகள் என்றால் பாதி வியாதிக்கு உப்புக்காற்றுதான் காரணம், கனெக்டரைக் கழற்றினால் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும், சுரண்டிவிட்டு மாட்டினால் சரியாகிவிடும். பஞ்சவர்ணம் அக்கா வண்டியையும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த அக்கா மண்டபத்தில் இருப்பவர். வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் இறந்துபோக, அவர் ஓட்டிக்கொண்டிருந்த எலெக்ட்ரிக் பிக்கப் வண்டியைத் தானே ஓட்டக் கற்றுக்கொண்டு, கரையில் நண்டு ஏற்றி ராமநாதபுரத்தில் ஒரு வியாபாரியிடம் இறக்குகிற ஓட்டத்தைப் பிடித்து வைத்திருந்தார். வேறு ஓட்டம் கிடையாது. ஸ்கூல் படிக்கிற ஒரு மகள். நண்டு என்பது மீன் மாதிரிகூட இல்லை, வெயிலில் கொஞ்சம் தாமதமானால் போச்சு, வியாபாரியிடம் வாங்குகிற கம்பெனிக்காரன் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவான். அப்படி ஏற்கெனவே திரும்பி வந்து, வியாபாரி கடுப்பில் இருந்தார். இன்னொரு தடவை வண்டி நடுரோட்டில் படுத்தால் டீசல் வண்டிக்காரனுக்கு ஓட்டத்தைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

அக்கா எனக்கு போன் செய்வது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்.

"தம்பி, இன்னைக்கும் விலக்குக்கிட்ட எறங்கிருச்சு."

உச்சிப்புளி தாண்டி ராமேஸ்வரம் ரோட்டிலிருந்து ஒரு சின்ன ரோடு பிரியும், அந்த விலக்கைச் சொல்கிறார்.

"எவ்வளவுக்கா இறங்குச்சு?"

"எவ்வளவுன்னா? எறங்கிருச்சு, அம்புட்டுத்தான். வண்டி படுத்துருச்சு."

"அப்புறம் ஏறுச்சா?"

"செத்த நேரங்கழிச்சு ஏறுச்சு."

"சும்மா நிக்கிறப்ப எப்படிக்கா ஏறும்?"

"நிக்கிறப்பதான தம்பி ஏற முடியும். ஓடுறப்ப எப்படி ஏறும்?"

வாஸ்தவம்தான், ஓடுகிற வண்டியில் சார்ஜ் ஏறாதுதான் என்று மேலே கேட்காமல் விட்டுவிட்டேன். ரிப்போர்ட்டில் 'குறிப்பிட்ட இடத்தில் சார்ஜ் இறங்குகிறது, நின்றால் தானாக ஏறுகிறது' என்று எழுதி அனுப்பினேன். தலைமை ஆபீஸ் இன்ஜினியர் அதைப் படித்துவிட்டு, இறங்குகிறது சரி, தானாக எப்படி ஏறும், என்ன சார் மப்பில் எழுதினீர்களா என்று கேட்டார்.

கனெக்டரைச் சுத்தம் செய்து பார்த்தேன். கரன்ட் அளக்கிற சென்சாரை மாற்றினேன். ஒன்றும் வேலைக்கு ஆகாமல், ஃபுல் சார்ஜ் போட்டு அப்படியே ஒரு ராத்திரி விட்டுவிடச் சொன்னேன், சில சமயம் கணக்குத் தப்பிய மீட்டர் அதில் சரியாகும். டிஸ்ப்ளேயையே கழற்றி வேறு மாட்டினேன். என் இடத்தில் வைத்து எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் ரீடிங் ஒழுங்காக ஒவ்வொன்றாகக் குறையும். அக்கா எடுத்துக்கொண்டு போனால் விலக்கில் படுக்கும். எனக்கு வெறுத்துவிட்டது. கடைசியில், லோடு ஏற்றுகிற அன்று நானே கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரியில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானே என்னைச் சமாதானப்படுத்தியிருப்பேன். இது பட்டப்பகலில் நடந்தது, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். பஸ்ஸில் மண்டபம் போய் இறங்கினேன். நண்டுப் பெட்டிகளை ஐஸ் போட்டு ஏற்றி முடித்திருந்தார்கள். முன்னால் இரண்டே சீட்டு உள்ள சின்ன கேபின். இடது பக்கக் கதவைத் திறந்து ஏறப் போனேன்.

"நீங்களும் முன்னாடிதான் வாரீகளா?" என்றார் அக்கா. பிறகு, "சரி, நெருக்கி உக்காந்துக்கிரலாம்."

நானும் அவரும் மட்டும்தான், எதற்கு நெருக்க வேண்டும் என்று தோன்றியது. என் டூல்ஸ் பையைச் சொல்கிறார் என்று நினைத்து அதைக் காலடியில் வைத்துக்கொண்டேன்.

மடியில் லேப்டாப்பை வைத்து வண்டியில் மாட்டியிருந்தேன். டிஸ்ப்ளே எழுபத்தாறு காட்டியது. அக்கா நிதானமாக, மிக நன்றாக ஓட்டினார். ஜன்னல் வழியாக அனல்காற்று என் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. உச்சிப்புளி தாண்டியதும் விலக்கு வந்தது, இரண்டு பக்கமும் கருவேல மரம், ஒரு மூடிக்கிடக்கிற கடை, வேறு எதுவும் இல்லை. அக்கா காலை எடுத்து வண்டியை மெதுவாக்கினார். ஏன் என்று நான் கேட்பதற்குள் ஐம்பத்தெட்டிலிருந்து நேராக நாலுக்கு விழுந்தது. ஆமை படம் வந்துவிட்டது. சார்ஜ் தீரப்போகிறது என்றால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கு அடையாளம் அந்த ஆமை. ஊர்ந்து ஓரமாகப் போய் நின்றது.

லேப்டாப்பைப் பார்த்தேன். பேட்டரிக்குள் இருக்கிற ஒவ்வொரு செல்லும் ஒழுங்கான வோல்டேஜில் இருந்தது. பேட்டரியில் பாதிக்கு மேல் இருக்கிறது, வண்டி மட்டும் காலி என்கிறது. இறங்கி வெயிலில் மல்லாந்து படுத்துக் கீழே பார்த்தேன். லைட்டுக்கும் டிஸ்ப்ளேக்கும் கரன்ட் கொடுக்கிற சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், அதுவும் எல்லாம் சரி என்றது. மேலே ஐஸ் உருகி என் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் போன் அடித்தது, வியாபாரி. அக்கா எடுக்கவில்லை. எனக்கு அழுகை வராத குறை. என் கண் முன்னாலேயே இந்தப் பொம்பளையின் ஓட்டம் போகப்போகிறது, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"விடுங்க தம்பி, ஏறி உக்காருங்க. வந்துரும்," என்றார் அக்கா.

"என்னக்கா வரும்? சார்ஜா?" ஏறி உட்கார்ந்துகொண்டே கேட்டேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார்ஜ் எங்கிட்டுத் தம்பி நடந்து வரும்? அதுதான் வரும். எங்க வீட்ல இருந்துச்சுல்ல, அது."

எங்கள் பக்கம் புருஷனை 'அது' என்று சொல்கிற பெண்கள் நிறைய. சாப்பிட்டுச்சு, தூங்குது, வெளிய போயிருக்கு என்றுதான் சொல்வார்கள். என் அம்மாவே என் அப்பாவை அப்படித்தான் சொல்லும். இருந்தும் எனக்கு அப்போதுதான் உறைத்தது, இத்தனை நாளும் இறங்கிருச்சு, ஏறிருச்சு என்று அக்கா சொன்னபோதெல்லாம் நான் பர்சன்டேஜைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"உசுரோட இருக்கையிலயும் இதே சோலிதான்," என்றார் அக்கா. குரலில் பயமும் இல்லை, பக்தியும் இல்லை, அலுப்புதான் இருந்தது. "இந்த விலக்கு வந்தா செத்த நிறுத்துறேன்னு எறங்கிரும். அப்ப இங்கன பிராந்திக் கடை இருந்துச்சு. சாவியையும் எடுத்துக்கிட்டுப் போயிரும், நான் நண்டோட வண்டியிலயே கெடப்பேன். இப்ப கடையத் தூக்கி வேற பக்கம் வச்சுட்டாக. அது இன்னமும் இங்கனதான் எறங்குது."

"இதை ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"முத போன்லயே சொன்னேனே தம்பி. எறங்குதுன்னு."

அக்கா ஹாரனை இரண்டு தடவை அடித்தார். வாசலில் நின்று வீட்டுக்குள் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி, சும்மா. ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை. கருவேல மரத்துப் பக்கம் நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி இடது பக்கமாக லேசாகத் தாழ்ந்தது, ஒரு ஆள் படியில் கால் வைத்து ஏறினால் தாழுமே, அந்த அளவுதான்.

"தம்பி, கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளிக்கங்க," என்றார் அக்கா.

நான் தள்ளி உட்கார்ந்தேன். எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லிவிட்டேன், இந்த இடத்தில்தான் சிரிப்பார்கள். சிரியுங்கள். எதையும் நம்பாதவன், லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஹேண்ட்பிரேக் இடுப்பில் குத்தக் குத்தத் தள்ளி உட்கார்ந்தேன். டிஸ்ப்ளே நாலிலிருந்து ஐம்பத்தெட்டுக்குப் போனது. நடுவில் எந்த நம்பரும் வரவில்லை.

அக்கா வண்டியை எடுத்தார். பாதையைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார், என்னிடம் இல்லை. "ஏவாரி இன்னொரு தடவ பொறுக்க மாட்டேன்னுட்டாரு. இந்த ஓட்டமும் போச்சுன்னா நானும் புள்ளையும் எங்கிட்டுப் போறது? வந்தா கடைசி வரைக்கும் வா. இல்லையா, எறங்குனா எறங்குனதாவே இருக்கட்டும். என்னால இனி ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்க முடியாது. எனக்கு முடியல." அக்கா அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒரு குடும்பச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். இடது ஜன்னல் திறந்துதான் இருந்தது, வண்டி நல்ல வேகத்தில் போகிறது. விலக்கு வரும்வரை முகத்தில் அறைந்த காற்று இப்போது என் மேல் படவே இல்லை. கையை நீட்டிப் பார்த்திருக்கலாம். நான் நீட்டவில்லை.

ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தோம். வியாபாரி முனகிக்கொண்டே பெட்டியைத் திறந்து பார்த்தார், நண்டு நன்றாக இருந்தது, ஓட்டம் தப்பியது. அக்கா என்னை என் சர்வீஸ் சென்டர் வாசலில் இறக்கிவிட்டார். நான் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், சாப்பிடாமல் படுத்துவிட்டேன். ரிப்போர்ட்டில் கனெக்டர் களிம்பு என்று எழுதினேன், வேறு என்னத்தை எழுதுவது.

அதற்கப்புறம் அந்த வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு மாதம் போல ஆகியிருக்கும், அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, அன்னைக்கி வண்டியில என்னமும் பண்ணுனீகளா?"

"ஒண்ணும் பண்ணலயேக்கா. ஏன், மறுபடி இறங்குதா?"

"இல்ல. வண்டி அது பாட்டுக்கு ஓடுது. விலக்குல நிறுத்தி நானா ஹாரன் அடிச்சுப் பாத்தேன், ஒண்ணும் ஏறல." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அன்னைக்கி உங்கள எறக்கி விட்டேன்ல. நீங்க எறங்கின பின்னாடி வண்டி இன்னொரு தடவ அசைஞ்சுச்சு. நான் திட்டுனதுல கோவிச்சுக்கிட்டு எறங்கிருச்சு போல."

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"உங்க பக்கம் வந்தா, ஓட்டம் நல்லா இருக்கு, புள்ள நல்லாப் படிக்குதுன்னு மட்டும் சொல்லிருங்க தம்பி. நான் அலுப்புல பேசிட்டேன்னு சொல்லுங்க."

சரிக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன். பாவம், தனியாக இருக்கிற பொம்பளை, மனசு அப்படி நினைக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அப்படியே விட்டிருப்பேன்.

போன வாரம் என் பைக்கை மெக்கானிக்கிடம் விட்டேன். பெட்ரோல் வண்டி, அதில் பர்சன்டேஜ் எல்லாம் காட்டாது. மைலேஜ் சரியாகக் கொடுக்கவில்லை, அதற்காகத்தான் விட்டேன். மெக்கானிக் பின் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டது, பின் டயரும் இவ்வளவு சீக்கிரம் தேயக் கூடாது என்றார். "தெனமும் டபுள்ஸா சார் அடிக்கிறீங்க?"

என் பின்னால் யாரும் ஏறுவதில்லை. டூல்ஸ் பையைக்கூட டேங்க் மேல்தான் வைப்பேன்.

ஆமா என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அக்கா சொல்லச் சொன்னதை இன்னும் சொல்லவில்லை. ஆளில்லாத ரோட்டில் போகும்போது நாக்கு நுனி வரைக்கும் வருகிறது. சொல்லி, பின்னாலிருந்து பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பேசாமல் ஓட்டிக்கொண்டு போகிறேன்.