நோன்பு மாதத்தில் கொடுத்த அதிமதுரம்

இருபதாம் நோன்பன்று பிற்பகல் என் கணவர் பள்ளிவாசலிலிருந்து வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏளா, தொடை ரெண்டுலயும் பலமே இல்ல. சஜ்தாவுல இருந்து எந்திரிக்க முடியல" என்றார். (சஜ்தா: தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவது.) "நோன்பு வச்ச ஆளுக்குப் பலம் எங்கன இருந்து வரும்? பைய வந்து படுங்க" என்றேன். முதல் அறிகுறியை நான் இப்படித்தான் விரட்டிவிட்டேன்.

மேலப்பாளையத்தில் ஒரு சின்னப் பள்ளிவாசலுக்கு அவர் மோதினார். ஐந்து வேளையும் பாங்கு சொல்வது அவர் வேலை. மற்ற விஷயங்களில் சாதுவான மனிதர். குரல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பெருமை உண்டு. நோன்பு பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது தொண்டை கட்டிக்கொண்டது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஆயுர்வேதம் படித்த ஒரு வைத்தியரிடம் போனோம்.

அவர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "இங்கிலீஷ் மாத்திரை ஏதும் சாப்பிடுதீங்களா மோதினாரே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல" என்றார் இவர்.

பத்து வருஷமாக ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற மனிதர். அதில் ஒன்று, சிறுநீரைக் கூடுதலாகப் போகவைத்துக் கொதிப்பைக் குறைக்கிற மாத்திரை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. சொன்னால் மருந்து தர மாட்டாரோ என்று பயம். மாத்திரை எழுதித் தரும் டாக்டரிடமும் நாட்டு மருந்து பற்றி மூச்சுவிடவில்லை. அவர் ஏசுவார் என்று பயம். இரண்டு பக்கமும் மறைத்துவிட்டு, கெட்டிக்காரர்கள் என்ற நினைப்பு வேறு எங்களுக்கு.

வைத்தியர் கொடுத்தது அதிமதுரச் சூரணம் (வேரை இடித்துச் சலித்த பொடி). அனுபானம் வெந்நீர். (அனுபானம் என்றால் மருந்தை எதில் கலந்து உட்கொள்ள வேண்டுமோ அது, தேன், நெய், பால் என்று மருந்துக்கு மருந்து மாறும்.) வேளைக்கு அரை ஸ்பூன், நாளைக்கு மூன்று வேளை. "ஏழு நாள் போதும். அப்புறம் வந்து காட்டுங்க. நல்லாருக்குன்னு நீங்களா நீட்டிராதீங்க" என்று என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் நீட்டினேன். நாலாம் நாளே குரல் திறந்துகொண்டது. மாதம் முழுக்கப் பள்ளிவாசலில் வேலை கூடுதல், இந்தக் குரல் கடைசிவரை நிற்க வேண்டுமே என்று ஆசை. பொட்டலம் தீர்ந்ததும் நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்கி நானே இடித்தேன்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். நோன்பில் பகல் வேளை மருந்து விட்டுப்போகும் அல்லவா? விட்டுப்போன தொழுகையைக் கழாவாகப் பின்னால் நிறைவேற்றுவது எங்கள் பழக்கம். மருந்தையும் அப்படியே நினைத்துவிட்டேன். விட்டதையும் சேர்த்து, நோன்பு திறந்ததும் கஞ்சியில் குவித்து இரண்டு ஸ்பூன் கலந்தேன். உடம்புக்குக் கழா கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

இருபத்தோராம் நோன்பன்று அஸர் பாங்கு, அதாவது சாயங்காலத் தொழுகைக்கான அழைப்பு, ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் சொற்கள் குழறின. பிறகு ஏதோ விழுகிற சத்தம். தெருவே கேட்டது.

மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். வலது கை, கால் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. பாளையங்கோட்டை மருத்துவமனையில் இவரைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நடைபாதையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரத்தத்துல பொட்டாசியம் ரொம்பக் கொறைஞ்சிருக்கு. வீட்ல வேற என்ன குடுத்தீங்க? ஏச மாட்டேன், சொல்லுங்கம்மா."

சொன்னேன். பொட்டாசியம் என்பது தசையும் இதயமும் ஒழுங்காக இயங்குவதற்கு வேண்டிய உப்புச்சத்து. அந்த மாத்திரை அதைக் குறைக்குமாம். அதிமதுரமும் அளவு மீறினால் குறைக்குமாம், கொதிப்பையும் ஏற்றுமாம். "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இதுவும் சேர்ந்திருக்கும்" என்றார். அந்த 'சேர்ந்திருக்கும்' போதும் எனக்கு. நான் அழுதேன், அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு மாதம் கழித்து வைத்தியரிடம் சண்டைக்குப் போனேன். பழி போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவர் குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார். 'வேறு மருந்து: இல்லை' என்று எழுதியிருந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இதத் தொட்டிருக்கவே மாட்டேனே தாயி" என்றார். அவர் கண் கலங்கியதும் எனக்குச் சண்டை வரவில்லை.

மூலிகை மருந்தை இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் நான் சொல்வது இவ்வளவுதான். செடி மருந்தும் மருந்துதான். இரண்டு வைத்தியரிடமும் எல்லா மருந்தையும் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். ஏசினால் ஏசட்டும். விட்ட வேளை விட்டதுதான்.

ஆறு மாதமாகப் பயிற்சி நடக்கிறது. கம்பு ஊன்றி நடக்கிறார். பேச்சு வந்திருக்கிறது, ஆனால் நாக்கு தடிக்கிறது. சொல்லுக்குச் சொல் நிறுத்துகிறார். நடந்ததையெல்லாம் போன மாதம்தான் அவரிடம் சொன்னேன். என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "மருந்து... அளவு... கூடிப்போச்சு. இனிமே... பாதி... போடு" என்றார்.

இப்போது வேறொருவர் பாங்கு சொல்கிறார். முன்பெல்லாம் தொழுகை வேளை இவருடைய தொண்டையிலிருந்து புறப்படும். இப்போது ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருகிறது. ஒவ்வொரு வேளைக்கும் கொஞ்சம் முன்னால் அடுக்களை வாசலுக்கு வந்து நிற்கிறார். வெந்நீர் கொடுக்கிறேன். வெறும் வெந்நீர்தான் என்று சொல்லியே கொடுக்கிறேன், இனி எதையும் மறைப்பதில்லை. குடித்துவிட்டு ஒருமுறை செருமுகிறார். பிறகு, குரல் வர இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று என்னிடம் கேட்கிறார்.