வேலைக்குப் போகாத ரயில்

ரயில் கண்காட்சிக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் முழங்கை தேய்ந்த ஒரு பழுப்பு ஜாக்கெட்டைத்தான் போடுவார். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த நல்ல ஜாக்கெட்டுகள் அலுமாரியில் சும்மா தொங்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு போனால் விற்கிறவன் விலையைக் குறைக்கமாட்டான் என்பது அவருடைய கணக்கு. பிக்கரிங்கில் அவர்கள் வீட்டு வாசலில் நான் காரை நிறுத்தியதும், அந்த ஜாக்கெட்டும் கையில் மடித்த பாஸ்மதி அரிசிப் பையுமாக இறங்கி வருவார். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என் அக்கா, "ஆரும் கண்டால் நான் இந்த மனுசனுக்குச் சாப்பாடு போடேல்லை எண்டு நினைக்கப்போகினம்" என்பாள். அத்தான் சீற் பெல்ட்டை இழுத்தபடியே, "எடு பிள்ளை, எடு" என்று என்னை அவசரப்படுத்துவார்.

அவருக்குப் பித்துப் பிடித்திருந்தது உண்மையான ரயில்களில் அல்ல, அவற்றைப் போலவே சிறிதாகச் செய்த மாதிரி ரயில்களில். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கக்கூடிய என்ஜின்கள், பெட்டிகள், சிக்னல் கம்பங்கள், பெருவிரல் நகத்தளவு பயணிகள். ரொறன்ரோவைச் சுற்றி, பனி கொட்டும் மாரிகாலம் முழுவதும் எங்காவது ஒரு மண்டபத்தில் இவற்றுக்குக் கண்காட்சி நடக்கும். நடுவில் பெரிய மேசைகளில் ரயில்கள் ஓடும், சுற்றிவர விற்பனை மேசைகள். அத்தானுக்கு ஹைவேயில் கார் ஓட்டப் பயம். எனக்கோ அந்த வருடங்களில் பிள்ளைகள் இருவரும் படிக்கவென்று வெளியூர் போய்விட, ஸ்காபரோ வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டு கிடந்தன. ஆகவே சாரதி வேலை எனக்கு வந்து சேர்ந்தது. அந்த மண்டபங்களில் பெரும்பாலும் நான் ஒருத்திதான் பெண், அதிலும் சேலைக்கு மேல் கோட் போட்டவள். யாரும் என்னை வித்தியாசமாகப் பார்த்ததில்லை. அங்கே வருகிறவர்கள் மனிதரைப் பார்ப்பதற்காக வருகிறவர்கள் அல்ல.

மலிவாக வாங்குவதற்கு அத்தான் சில விதிகள் வைத்திருந்தார். காலையில் போகக் கூடாது. கண்காட்சி முடிகிற நேரத்துக்குச் சற்று முன்னால் போகவேண்டும். கொண்டுவந்த பெட்டிகளைத் திரும்பவும் பனியில் சுமந்து வான் வண்டியில் ஏற்ற வேண்டுமே என்ற அலுப்பு விற்கிறவனுக்கு அப்போதுதான் தொடங்கும். விருப்பமான பொருளை எடுத்துப் பார்க்கக் கூடாது. அதற்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, வைத்துவிட்டு, பிறகு ஏதோ போனால் போகிறது என்பதைப் போல உண்மையான பொருளின் விலையைக் கேட்கவேண்டும். இவ்வளவு கெட்டித்தனத்துக்கும் அவர் அடிக்கடி ஏமாந்துதான் போனார். ஒருமுறை பாதி விலைக்கு அள்ளி வந்த அழகான ஸ்டேஷன் ஒன்று வீட்டுக்கு வந்து பார்த்தால் வேறு அளவு. அவருடைய பயணிகளை நிறுத்தினால் தலை கூரைக்கு மேலே போய் நின்றது. அக்கா சிரித்த சிரிப்பு மேல்மாடிவரை கேட்டது. அத்தான் அசரவில்லை. அதைக் கொண்டுபோய், பேஸ்மெண்டில் தன் ரயில்களை ஓட விட்டிருந்த பெரிய மேசையின் மறு கோடியில், அட்டையில் செய்த மலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "உது தூரத்து ஸ்டேஷன். தூரத்திலை இருக்கிறது சின்னனாத்தானே தெரியும்" என்றார். உண்மையாகவே அப்படித்தான் தெரிந்தது.

ஆனால் அவர் மனதார விரும்பியது ஒரே ஒரு ரயிலைத்தான். பிக்கரிங்கிலிருந்து டவுண்டவுனுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் பச்சை வெள்ளை இரண்டு தட்டு ரயில். வேலை செய்த காலமெல்லாம் அதன் மேல்தட்டில், ஏரிப் பக்கம் ஜன்னலோரமாக இருந்து போய் வந்தவர். அலுவலகத்தில் ஆயிரம் தொல்லை, வீட்டில் மூன்று பிள்ளைகள், ஊரிலிருந்து ஓயாத தொலைபேசி. "அந்த ரெயினுக்குள்ளை மட்டும்தான் பிள்ளை, என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை" என்று ஒருநாள் காரில் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகும் அதிகாலையில் எழுந்து, முகம் மழித்து, சேர்ட்டுப் போட்டுக் குசினி மேசையில் வந்து இருப்பாராம். போவதற்கு இடமில்லை. அக்கா இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவள் குரலில் கேலி இல்லை.

பேஸ்மெண்டில் அந்த ரயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். என்ஜின் கிடைத்தது, பெட்டிகள் கிடைத்தன. கிடைக்காதது முகப்புப் பெட்டி. இந்த ரயிலுக்கு ஒரு நுனியில்தான் என்ஜின். மறு நுனியில் உள்ள பெட்டியில் ஓட்டுநர் இருக்க ஒரு சிறிய அறையும், முன்பக்கம் கண்ணாடியும் விளக்கும் இருக்கும். பின்னேரம் பிக்கரிங்குக்குத் திரும்பும்போது என்ஜின் முன்னால் இழுத்து வரும். காலையில் டவுண்டவுனுக்குப் போகும்போது என்ஜின் பின்னால் நின்று தள்ள, முகப்புப் பெட்டி முன்னால் போகும். அந்தப் பெட்டி இல்லாதபடியால் அத்தானின் ரயில் வீட்டுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது, வேலைக்குப் போகவில்லை. "சும்மா ஒரு பெட்டியை முன்னுக்கு விட்டுத் தள்ளுங்கோவன், ஆர் பாக்கப் போகினம்" என்று நான் சொன்னபோது, "கண்ணில்லாமல் எப்பிடிப் போறது?" என்று கேட்டார். மேலே இருந்து அக்கா, "ரிட்டயர் ஆன ஆளுக்கு ரிட்டயர் ஆன ரெயின். பொருத்தம்தானே" என்றாள். அத்தானும் சிரித்தார். ஆனாலும் ஒவ்வொரு கண்காட்சியிலும் அவருடைய கண் அந்தப் பெட்டியைத்தான் தேடியது. அது பழைய நிறத்தில் செய்யப்பட்டது, இப்போது யாரும் செய்வதில்லை.

கடைசியில் றிச்மண்ட் ஹில்லில் ஒரு மண்டபத்தில் அதைக் கண்டோம். சஸ்பென்டர் போட்ட வயதான வெள்ளைக்காரர் ஒருவரின் மேசை. அவர் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு பழைய அட்டைப்பெட்டிக்குள் பஞ்சில் படுத்திருந்தது முகப்புப் பெட்டி. அத்தானின் கை என் கோட்டைப் பிடித்து இழுத்தது. ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் கிடந்த எண்ணெய் ஏற்றும் பெட்டி ஒன்றைத் தூக்கி, சுளித்து, வைத்து, விதிப்படி எல்லாம் செய்து விலை கேட்டார். கிழவர் விலை சொன்னார். நியாயமான விலைதான், நானே கொடுத்திருப்பேன். அத்தான் பாதி கேட்டார். கிழவர் புன்னகைத்து, அதுதான் விலை என்றார். அத்தான் கொஞ்சம் ஏற்றினார். கிழவர் அதே புன்னகையோடு அதே விலையைச் சொன்னார். "சரி, வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அத்தான் திரும்பி நடந்தார்.

நான் எட்டி நடந்து அவருடைய பக்கத்தில் போனேன். "அத்தான், என்ன செய்யிறியள்?"

"கூப்பிடுவான் பார். திரும்பிப் பாக்காதை. மெல்ல நட பிள்ளை, கெதியா நடந்தா அவனுக்குக் கூப்பிட நேரமிராது."

சந்தையில் பேரம் பேசிப் பழகிய எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிப் போவது பேரத்தின் ஒரு பகுதி. விற்கிறவருக்கும் அது தெரியும். நாலடி வைக்க முதல் "இஞ்சை வாங்கோ, என்னத்துக்குக் கோவம்" என்று கூப்பிடுவார். அந்த வெள்ளைக்காரக் கிழவருக்கு இந்த வழக்கமெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு அவர் மிச்சச் சான்ட்விச்சைச் சாப்பிடத் தொடங்கியிருப்பார். நாங்கள் வரிசையின் கடைசிவரை ஊர்ந்து போனோம். ஒருவரும் கூப்பிடவில்லை. அத்தான் சிக்னல் கம்பம் பார்க்கிற சாட்டில் சற்று நின்றார். அப்போதும் கூப்பிடவில்லை. பிறகு திரும்பி நாங்கள் வந்த வேகத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

மேசையில் பெட்டி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. இப்போதுதான் விற்றேன் என்று கிழவர் உண்மையான வருத்தத்தோடு சொல்லிப் பக்கத்து மேசையைக் காட்டினார். அங்கே எங்கள் நிறத்தில், வெள்ளைத் தாடியும் கம்பளித் தொப்பியுமாக ஒருவர் அந்தப் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற துணிவில் அத்தான் என்னிடம், "உந்த ஆள் சொன்ன விலையைக் குடுத்தே வாங்கினது? விசரன்" என்றார்.

அந்த மனிதர் திரும்பினார். "சொன்ன விலையத்தான் குடுத்தன் அண்ணன். நீங்க திரும்பி வருவீங்க எண்டு தெரியும். அதான் கெதியா எடுத்தன்."

அத்தான் கையிலிருந்த அரிசிப் பையை விரித்துத் திரும்பவும் மடித்தார். அந்த மனிதர் கிழக்கிலங்கைப் பக்கத்து முஸ்லிம், ஸ்காபரோவில் வீடுகளுக்கு ஹீற்றர் திருத்துகிற தொழில் செய்கிறவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல அத்தான் அவரை நானா என்று அழைத்தார், அவர் அத்தானை அண்ணன் என்றார். யார் மூத்தவர் என்று இருவரும் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை. அந்த மண்டபத்துக் கன்டீனில் கோப்பி குடிக்கும்போதுதான் தெரிந்தது, நானாவும் அதே ரயிலைத்தான் சேர்க்கிறார், ஆனால் அவருக்கு என்ஜின் கிடைக்கவில்லை. அத்தான் பெட்டியை விலைக்குக் கேட்டார். நானா என்ஜினை விலைக்குக் கேட்டார். இரண்டு பேரும் தலையை ஆட்டி மறுத்தார்கள். பிறகு நானா, "அடுத்த ஞாயிறு இதக் கொண்டு ஒங்கட வீட்ட வாறன். ஒருக்கா பூட்டிப் பாப்பம்" என்றார்.

சொன்னபடி வந்தார். கையில் அந்தப் பெட்டி, கூடவே மனைவி செய்து கொடுத்த வட்டிலப்பம். அத்தான் அன்றைக்கு முகம் மழித்து, அலுவலகத்துக்குப் போடுகிற சேர்ட்டைப் போட்டிருந்தார். அதைப் பார்த்த அக்கா காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். முகப்புப் பெட்டியை மாட்டி, அத்தான் விசையைத் திருப்ப, சின்ன விளக்கு எரிந்தது. ரயில் பிக்கரிங்கிலிருந்து புறப்பட்டு, தூரத்து ஸ்டேஷனைத் தாண்டி, டவுண்டவுனுக்குப் போய் நின்றது. அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இண்டைக்கு லேற்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அதன் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு நானாவின் வருகை நிச்சயம். கண்காட்சிகளுக்கு மூவருமாகவே போனோம். பேரம் பேச அத்தான், பேரம் பிசகினால் ஓடிப்போய் சொன்ன விலைக்கு வாங்க நானா. வீட்டில் ரயில் ஓடி முடிந்ததும் அத்தான் பெட்டிக்கு ஒரு விலை கேட்பார். நானா அதற்கு மேலே ஒன்று சொல்லுவார். அடுத்த மாதம் அத்தான் கொஞ்சம் ஏற்ற, நானா இன்னும் ஏற்றுவார். பிறகு பெட்டி பஞ்சுக்குள் படுத்து ஸ்காபரோவுக்குத் திரும்பிவிடும். நானாவுக்கு இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று நான் சில வேளை எரிச்சல்பட்டதுண்டு. அத்தான் எரிச்சல்படவில்லை. விடிய எழும்பிக் குசினி மேசையில் காத்திருக்கும் பழக்கமும் அவரைவிட்டு மெல்லப் போயிற்று. அக்காதான் கவனித்துச் சொன்னாள். காலையில் கீழே போய் ரயில் பாதைகளைத் துடைத்து, நானா வருகிற நாளுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருப்பாராம்.

போன மாரியில் அத்தான் போய்விட்டார். அதிகம் படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் பாரமில்லாத சாவு. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, வீடு வெறுமையாகி, வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. நானா நின்றார், வழக்கம்போலக் கையில் பெட்டியோடு. மூவரும் கீழே போனோம். அவரே பெட்டியை மாட்டினார், அவரே விசையைத் திருப்பினார். ரயில் வேலைக்குப் போய் நின்றது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "நானா, இனி இது இஞ்சை என்னத்துக்கு? என்ஜினையும் பெட்டியளையும் நீங்களே கொண்டுபோங்கோ. அவரும் அதைத்தான் விரும்புவார். காசு ஒண்டும் வேண்டாம்."

நானா முகப்புப் பெட்டியைக் கழற்றி, பஞ்சில் வைத்து, மூடியை மூடினார்.

"எல்லாத்தையும் கொண்டு போனா மறுகா நான் இஞ்ச என்னத்துக்கு வாற?" என்றார். "அண்ணன் கேட்ட முதல் நாளே இத நான் சும்மா குடுத்திருப்பன். குடுத்தா முடிஞ்சி போயிருமே எண்டுதான் விலை சொல்லிச் சொல்லி வச்சிருந்தன்."

அக்கா அந்தச் சின்னப் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கடைகளில் விலை குறைக்கக் கேட்பது மானக்கேடு என்று நினைக்கிறவள், தக்காளிக்குக்கூட ஒருநாளும் பேரம் பேசாதவள்.

"அப்ப கடைசியா அவருக்கு என்ன விலை சொன்னனீங்கள்?"

நானா சொன்னார்.

"உது சரியான கூடின விலை" என்றாள் அக்கா. "அடுத்த மாசம் குறைச்சுச் சொல்லுங்கோ, பாப்பம். வரேக்கை மனுசியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."